மெகலானியாவை எவ்வளவு நீளமாக வரைவது? 4 மீட்டரா, 7 மீட்டரா?

கோட்டோவியம் கேட்டது:

வணக்கம். அழிந்துபோன விலங்குகளைப் பற்றி எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு படப்புத்தகம் வரைந்துகொண்டிருக்கிறேன். மொத்தம் இருபத்திரண்டு விலங்குகள். இருபத்தொன்று முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது ஆஸ்திரேலியாவின் ராட்சத உடும்பு, மெகலானியா.

ஒவ்வொரு படத்திலும் விலங்குக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார், அளவு தெரிவதற்காக. மற்ற விலங்குகளுக்கெல்லாம் இது அரைமணி நேர வேலைதான். இதற்கு மட்டும் மூன்று வாரமாக முடிவெடுக்க முடியவில்லை. ஓர் இடத்தில் 7 மீட்டர் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் அதிகபட்சமே 4.5 மீட்டர் என்கிறார்கள். எடை இன்னும் மோசம்: 100 கிலோவில் ஆரம்பித்து 1,900 கிலோவுக்கும் மேல் வரை போகிறது. ஒரே விலங்கைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

பிள்ளைகள் படத்தை அப்படியே நம்புவார்கள். சின்ன வயதில் நான் பார்த்த ஒரு டைனோசர் படம் தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது. அதனால்தான் கேட்கிறேன். எந்த அளவைப் போடுவது? வாயில் விஷம் ஒழுகுவதுபோல் சில படங்களில் இருக்கிறதே, அது சரியா? பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துகிறேன் அல்லவா, உண்மையிலேயே மனிதர்கள் அதைப் பார்த்திருப்பார்களா?

பழங்கல் பதில்:

7 மீட்டர் போடுங்கள் நண்பரே. 1975இல் மேக்ஸ் ஹெக்ட் எழுதிய ஆய்வில் வந்த அளவு அது. எடை சுமார் 600 கிலோ என்றும் அதிலேயே இருக்கிறது. ரொம்ப காலமாகப் பெரும்பாலான புத்தகங்கள் அதையே பின்பற்றுகின்றன. தரையில் வாழ்ந்த பல்லி இனங்களில் இதைவிடப் பெரியது எதுவும் தெரியவில்லை. கடலையும் சேர்த்தால் மோசசார்கள் 10 மீட்டரைத் தாண்டும், ஆனால் அந்தக் கணக்கு வேறு.

பிள்ளைகளுக்கான புத்தகம் என்பதால் பெரிய அளவே நன்றாக இருக்கும். இப்போதும் காட்டுக்குள் உயிரோடு திரிகிறது என்று காணொளிகள் வரும், அதையெல்லாம் சேர்த்துவிடாதீர்கள்.

சல்லடை பதில்:

கோட்டோவியம், மூன்று வாரம் யோசித்ததற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் குவீன்ஸ்லாந்தில் இருக்கிறேன். ஆறு வருடமாக, வாரத்தில் ஒருநாள், குகைகளிலிருந்து வரும் மண்ணைச் சலித்து எலும்பு பொறுக்கும் தன்னார்வ வேலை செய்கிறேன். மூட்டை மூட்டையாக மண் வரும். தண்ணீரில் அலசி, சல்லடையில் தங்குவதைக் காயவைத்து, தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எலிப் பல், தவளை இடுப்பெலும்பு, வௌவால் தாடை, நத்தை ஓடு. ஆந்தைகள் தின்று கக்கியதுதான் அதில் பெரும்பகுதி. ஒரு தட்டு முடிய மூன்று மணி நேரம் ஆகும். ராட்சத விலங்கு எதுவும் அந்தத் தட்டில் முழுசாக வந்து நிற்காது. வந்தால் ஒரு சில்லாகத்தான் வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மெகலானியாவுக்கும் அதே கதிதான். இதுவரை யாருக்கும் அதன் முழு எலும்புக்கூடு கிடைத்ததில்லை. மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் நிற்பது உட்பட நீங்கள் பார்க்கும் எல்லா எலும்புக்கூடுகளும் துண்டுகளை வைத்து மிச்சத்தை ஊகித்துச் செய்தவை. கிடைத்ததில் பெரும்பகுதி தனித்தனி முள்ளெலும்புகள்; அவற்றோடு கொஞ்சம் மண்டையோட்டுத் துண்டு, தாடை, பல், கால் எலும்பு. வால் முழுசாகக் கிடைக்கவே இல்லை. உங்களுடைய மூன்று வாரக் குழப்பத்தின் வேர் இந்த வாலில் இருக்கிறது.

உடும்புகளுக்கு உடம்புக்கும் வாலுக்கும் உள்ள விகிதம் இனத்துக்கு இனம் மாறும். கொமோடோ டிராகனுக்கு வாலும் மீதி உடம்பும் ஏறக்குறைய சமம். மரமேறும் லேஸ் மானிட்டருக்கு வால் உடம்பைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாது, சாட்டை மாதிரி நீண்டு மெலிந்து போகும். இப்போது மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை 2.2 மீட்டர் உள்ள ஒரு மெகலானியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொமோடோ வாலை ஒட்டினால் மொத்தம் 4.4 மீட்டர். லேஸ் மானிட்டர் வாலை ஒட்டினால் 5.5. ஓர் எலும்புகூட மாறவில்லை, ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது!

அடுத்த சிக்கல், கையில் இருக்கும் முள்ளெலும்பு முதுகில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது. உடும்புகளுக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரை பெரும்பாலும் 29 முள்ளெலும்புகள். எல்லாம் ஒரே அளவில் இருக்காது, கழுத்தில் ஒரு விதம், நடுமுதுகில் ஒரு விதம். தனியாகக் கிடைத்த ஒன்றை நடுமுதுகு என்று நினைத்துக் கணக்குப் போட்டால் ஒரு நீளம், வேறு இடம் என்று நினைத்தால் வேறு நீளம். இதோடு, கிடைத்ததிலேயே மிகப் பெரிய எலும்பை எடுத்து "மெகலானியாவின் நீளம்" என்று எழுதுவதா, சராசரியை எழுதுவதா என்ற கேள்வியும் உண்டு. நம் ஊரிலேயே மிக உயரமான ஆளை அளந்துவிட்டு மனித இனத்தின் உயரம் இதுதான் என்று எழுத மாட்டோம் அல்லவா?

நீங்கள் பார்த்த எண்கள் இப்படித்தான் பிரிந்தன. பழங்கல் சொன்ன 1975 கணக்கு 7 மீட்டர். 2002இல் ஸ்டீபன் ரோ அது மிகை என்று வாதிட்டு, மிகப் பெரியது 4.5 மீட்டர், 331 கிலோ, சராசரி விலங்கு 3.5 மீட்டர், 97 முதல் 158 கிலோ என்றார். 2004இல் ரால்ஃப் மோல்னார் மறுபடி 7 மீட்டர் பக்கம் வந்தார். உச்ச எடை 1,940 கிலோ வரை போனது அவருடைய கணக்கில்தான். நீளம் ஒன்றரை மடங்கானால் எடை மூன்றேகால் மடங்குக்கும் மேலே போகும், ஏனென்றால் அகலமும் உயரமும் கூடவே வளர்கின்றன. அதனால்தான் நீளத்தில் சின்னதாகத் தெரியும் தகராறு எடையில் பூதமாகிவிடுகிறது.

பழங்கல் தவறாக நினைக்க வேண்டாம், பிள்ளைகளுக்குப் பெரிய அளவே நன்றாக இருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சரியாக அளக்கப்பட்ட மிகப் பெரிய கொமோடோ டிராகன் 3.13 மீட்டர், வயிற்றில் இருந்த இரையோடு சேர்த்து 166 கிலோ. 4.5 மீட்டர் மெகலானியாவே அதைவிட இரண்டு மடங்கு எடை. ஓர் ஆளுக்குப் பக்கத்தில் அதை வரைந்து பாருங்கள். அதைப் பார்த்து எந்தக் குழந்தையும் "சின்னதாக இருக்கிறதே" என்று சொல்லாது.

என் யோசனை: முழு வண்ணத்தில் 4.5 மீட்டர் விலங்கை வரையுங்கள். அதற்குப் பின்னால் 7 மீட்டர் உருவத்தை வெறும் புள்ளிக்கோடாகப் போடுங்கள். வால் கிடைக்காததால் இரண்டு கணக்கு இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். எங்கள் வேலையிடத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நான் ஒரு முள்ளெலும்பின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்து, "மிச்சத்தை நீ சொல்" என்பேன். உடனே தரையில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவன் போட்ட கோட்டை இன்னொருவன் அழித்து நீட்டுவான். ஆய்வாளர்கள் செய்வதும் அதேதான்.

இனி விஷம். 2009இல் பிரையன் ஃப்ரையும் கூட்டாளிகளும் கொமோடோ டிராகனின் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். மெகலானியா அதன் நெருங்கிய உறவு என்பதால் அதற்கும் இருந்திருக்கும் என்றார்கள். சுரப்பி கல்லாவதில்லை, ஆகவே இது உறவுமுறையை வைத்துச் செய்த ஊகம். கொமோடோவுக்கே அந்த விஷம் எவ்வளவு தூரம் வேட்டைக்கு உதவுகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. வாய் முழுக்க அழுகல் கிருமி, கடித்தால் அந்தக் கிருமியே கொன்றுவிடும் என்ற பழைய கதையை 2013இல் வந்த ஆய்வு தள்ளிவிட்டது. மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பவைதான் அதன் வாயிலும் இருக்கின்றன. ஆக, ஒழுகும் பச்சை நீர் வேண்டாம். பல்லை நன்றாக வரையுங்கள். பின்னோக்கி வளைந்து, விளிம்பில் ரம்பம்போல் பொடிப்பற்கள் கொண்டது. கிழிப்பதற்கு அந்தப் பல்லே போதும்.

மனிதர்கள் பார்த்தார்களா என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சில்லில் இருக்கிறது. ராக்ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் காப்ரிகார்ன் குகைகள் இருக்கின்றன. அங்கே கொலோசியம் அறை என்ற இடத்தில் தோண்டியபோது உடும்பின் தோலெலும்பு ஒன்று கிடைத்தது. தோலெலும்பு என்றால் தோலுக்குள் வளரும் குட்டி எலும்பு. வளர்ந்த கொமோடோவின் தலை முழுக்க அது சங்கிலிக் கவசம்போல் இருக்கும், குஞ்சுக்கு இருக்காது. கில்பர்ட் பிரைஸ் குழுவினர் அதன் காலத்தைக் கணித்து 2015இல் வெளியிட்டார்கள்: சுமார் 50,000 ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் இருந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தச் சில் ராட்சத உடும்பு ஒன்றுடையது என்பதுவரைதான் அவர்கள் சொன்னார்கள். மெகலானியாவா, கொமோடோ டிராகனா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. ஆமாம், கொமோடோவும் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்திருக்கிறது. ஸ்காட் ஹாக்னல் குழு 2009இல் குவீன்ஸ்லாந்து எலும்புகளை வைத்து அதைக் காட்டியது. எனவே "மனிதர்கள் ராட்சத உடும்புகளோடு வாழ்ந்தார்கள்" என்று தைரியமாக எழுதலாம். "மெகலானியாவை வேட்டையாடி அழித்தார்கள்" என்று எழுதாதீர்கள், அதற்குச் சான்று இல்லை.

அந்தச் செய்தி வந்தபோது நான் இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. பின்னால் படித்தேன். அன்றிலிருந்து தட்டில் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே எது இருந்தாலும், கல் என்று நினைத்தாலும்கூட, திருப்பிப் பார்க்காமல் ஒதுக்குவதில்லை.

கோட்டோவியம்:

சல்லடை அக்கா, இதை அச்சடித்து மேசைமேல் ஒட்டிவிட்டேன். புள்ளிக்கோடு யோசனை அருமை. இப்போதே பென்சிலில் போட்டுப் பார்த்தேன். 4.5 மீட்டர் விலங்கின் தலை அந்த ஆளின் முழங்காலுக்குச் சற்று மேலே வருகிறது, வால் பக்கத்தின் விளிம்பை இடிக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

பெயருக்கு "பெரிய கசாப்புக்காரன்" என்று பொருள் எழுதி வைத்திருக்கிறேன். அது சரிதானே?

வேர்ச்சொல் பதில்:

அதை உடனே அடித்துவிடுங்கள். பல இடங்களில் பரவிவிட்ட தவறு அது. பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஓவன், 1859இல். டைனோசர் என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரே. குவீன்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதியிலிருந்து லண்டனுக்குப் போன முள்ளெலும்புகளைப் பார்த்து வைத்த பெயர். கிரேக்கத்தில் "மெகா" என்றால் பெரிய. பின்பாதி "அலைந்து திரிதல்" என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. லத்தீனில் "லானியஸ்" என்றால் கசாப்புக்காரன். ஒலி ஒத்திருப்பதால் யாரோ குழப்பிவிட்டார்கள். "பெரும் அலைவான்" என்று எழுதுங்கள், தமிழில் கேட்கவும் நன்றாக இருக்கிறது.

இன்றைய ஆய்வுகளில் அதை வரானஸ் பிரிஸ்கஸ் என்றே அழைக்கிறார்கள். வரானஸ் என்பது உடும்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பேரினம். தனிப் பேரினம் வைக்குமளவுக்கு உருவத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்ற முடிவு அது. மெகலானியா என்பது இப்போது செல்லப்பெயர் மாதிரி நிலைத்துவிட்டது. புத்தகத்தில் இரண்டையும் போடலாம்.

கூடவே ஒரு கதை, இடம் இருந்தால் சேருங்கள். ஓவனுக்குப் பின்னாளில் டார்லிங் டவுன்ஸிலிருந்தே கொம்பு வைத்த ஒரு மண்டையோடு வந்தது. அதையும் மெகலானியாவுடையது என்று சேர்த்துவிட்டார். பைம்மா (கங்காருபோல் பையுள்ள விலங்கு) ஒன்றின் பாத எலும்புகளும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆக, கொஞ்ச காலம் மெகலானியா கொம்புள்ள ஒரு விலங்காக இருந்தது! 1888இல் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் அந்த மண்டையோடு ஓர் ஆமையுடையது என்று பிரித்துக் காட்டினார். இன்று அந்த ஆமைக்கு நின்ஜெமிஸ் என்று பெயர், சிற்றினப் பெயர் ஓவனி. தவறாகச் சேர்த்தவரின் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது. எல்லாம் சில்லு சில்லாகக் கிடைக்கும்போது இது நடக்கத்தான் செய்யும், ஓவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பழங்கல்:

சல்லடை சொல்வது நியாயம். 7 மீட்டரை நான் ஏதோ அளந்து பார்த்த எண் மாதிரியே எழுதிவிட்டேன். புள்ளிக்கோடுதான் சரி. கோட்டோவியம், பின்னணியில் டிப்ரோடோடானை வரைவீர்களா? அதே காலம், அதே நிலம். அளவில் கிட்டத்தட்ட காண்டாமிருகம் அளவுள்ள பைம்மா.

கோட்டோவியம்:

டிப்ரோடோடானுக்கு ஏற்கெனவே தனிப் பக்கம் இருக்கிறது. தூரத்தில் ஒன்று மேய்வதுபோல் வைக்கிறேன். சரி, பென்சில் படத்தை இணைத்திருக்கிறேன். மை போடுவதற்குமுன் எல்லாரும் பார்த்துக் குறை சொல்லுங்கள்.

சல்லடை பதில்:

பார்த்தேன். கழுத்து அழகாக வந்திருக்கிறது. உடும்புக்கு இருக்கும் அந்த நீண்ட கழுத்தைப் பலர் முதலையின் கழுத்துபோல் குட்டையாக்கிவிடுவார்கள், நீங்கள் செய்யவில்லை.

நான்கு திருத்தங்கள் மட்டும். கால்கள் உடம்புக்கு நேர்கீழே தூண்போல் இறங்குகின்றன. அது பாலூட்டியின் நிலை. மேற்கையும் தொடையும் பக்கவாட்டில் விரிந்து, முழங்கையும் முழங்காலும் வெளியே மடிய வேண்டும். நடக்கும்போது வயிறு தரையைவிட்டு எழும்பியிருக்கட்டும், ஆனால் உடல் நேராக இராமல் பாம்புபோல் ஒரு நெளிவு நெளியட்டும். முன்வலக்கால் முன்னால் போகும்போது அந்தப் பக்கத்து இடுப்பு பின்னால் இருக்கும்.

தலை உச்சியில் நீங்கள் போட்டிருக்கும் முகடு அதிக உயரம். மண்டையோட்டுத் துண்டில் தெரிவது தாழ்வான ஒரு வரம்பு மட்டுமே. சதையும் தோலும் மூடினால் லேசான மேடாகத்தான் தெரியும். நாக்கைப் பிளந்ததாக வரைந்தது சரி. அது உடும்புக் குடும்பம் முழுவதற்கும் பொது.

நிறம் உங்கள் விருப்பம், யாருக்கும் தெரியாது. வெறும் சாம்பல் மட்டும் வேண்டாமே. ஆஸ்திரேலியாவின் இன்றைய பெரிய உடும்பான பெரெண்டியின் உடம்பில் மஞ்சள் புள்ளிகளும் கருமையும் எவ்வளவு அழகாகக் கலந்திருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக அந்த ஆள். இப்போது வேட்டி மாதிரி ஏதோ கட்டி, கையில் ஈட்டியோடு உடும்பைக் குறிபார்க்கிறார். ஈட்டியை எடுத்துவிடுங்கள். அந்த நிலத்தின் முதல் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், ஊகமாக ஓர் உடையை அவர்கள்மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அளவு காட்டத்தானே ஆள்? இன்றைய உடையில் ஒரு சிறுமியை நிறுத்துங்கள், கையில் சாக்பீஸ் இருக்கட்டும். பின்னால் போகும் அந்த 7 மீட்டர் புள்ளிக்கோட்டை அவளே போட்டுக்கொண்டிருக்கட்டும்.